மாப்பிள்ளை காருக்கு ஏ.சி. எதற்கு?

பழைய அம்பாசடரில் ஏ.சி. மாட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் சமாதானம் ஒன்றே: “நாலு போல்ட்டைக் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும்.” கல்யாணத்துக்குப் பழைய கார் தேடும் மோகம் துறையூர் மண்டபங்கள் வரை வந்துவிட்ட நிலையில், இந்தச் சமாதானத்தை யாரும் உரசிப் பார்ப்பதில்லை.

வெயிலை நான் மறுக்கவில்லை. சித்திரையில் துறையூரிலிருந்து புலிவலம், மண்ணச்சநல்லூர் வழியாகத் திருச்சிக்குப் பகலில் போனவர் குளிர்ச்சி கேட்டால் அது ஆடம்பரம் ஆகாது. ஷெட்டில் துருப்பிடிக்கும் வண்டியைவிட ஓடும் வண்டி மேல். பழைய காருக்கு ஏ.சி. அந்நியமும் அல்ல, அமெரிக்காவின் பேக்கார்டு 1940 மாடலிலேயே அதை விற்றது.

ஆனால் ஏ.சி. தனியாக வருவதில்லை. அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினுக்கு மொத்தமே சுமார் 50 குதிரைத்திறன்தான். அதிலிருந்துதான் கம்ப்ரசரும் சுழல வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சரை வைத்ததும், ரேடியேட்டருக்கு வரும் காற்று சூடாகிவிடுகிறது, தண்ணீர் கொதிக்கிறது. அதைச் சமாளிக்க எலெக்ட்ரிக் ஃபேன். ஃபேனுக்கும் புளோயருக்கும் கரண்ட் வேண்டும். அந்தக் காலத்து லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர். ஹெட்லைட்டும் இக்னிஷனும் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வருகிறது, பின்னாலேயே புது வயரிங். குழாய் நுழைய ஃபயர்வாலில் ஓட்டை போடுகிறார்கள். எந்த போல்ட்டைக் கழற்றினால் அந்த ஓட்டை அடைபடும்? இவ்வளவுக்குப் பிறகும் வண்டி மேட்டில் திணறினால், 1990-களில் வந்த 1817 சி.சி. ஐசுசூ இன்ஜினையே இறக்கிவிடலாம் என்று யோசனை சொல்லவும் பட்டறையில் ஆள் உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதற்கு முந்தையதுதான் காரணம். முதல் மாற்றத்துக்கு மட்டும் காரணமில்லை.

இதில் பெரிய வேடிக்கை ஊர்வலம். மாப்பிள்ளை அழைப்பில் கார் மேளத்துக்குப் பின்னால் ஆள் நடக்கிற வேகத்தில் போகும். இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது டைனமோ சார்ஜ் செய்யாது, ரேடியேட்டருக்குக் காற்றும் போதாது. ஏ.சி.யால் வண்டிக்குப் பாரம் மிகக் கூடும் நேரம் அதுதான். அழைப்பு நடப்பதோ பொழுது சாய்ந்தபின். மாப்பிள்ளையை ஊர் பார்க்கத்தானே கார் எடுத்தது? அவரைக் கண்ணாடி ஏற்றி மூடிவைப்பானேன்? கண்ணாடியை இறக்கி, முன்கதவின் முக்கோணக் கண்ணாடியையும் திருப்பிவிட்டால் காற்று தானாக வரும்.

மத்திய அரசின் 2021 விதிப்படி, 50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிய வேண்டுமானால் சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. டைனமோவைப் பற்றியும் வயரிங்கைப் பற்றியும் அங்கே பேச்சில்லை, ஏ.சி. கட்சிக்காரர்கள் அந்தச் சந்தில்தான் புகுந்து வருகிறார்கள். ரேலிகளில் பரிசு கொடுப்போராவது இன்னும் கண்டிப்பு காட்டலாம். பெயின்ட்டையும் குரோமையும் பார்த்து மார்க் போடுமுன் பானெட்டைத் திறக்கட்டும். கம்ப்ரசர் இருந்தால் அந்த வண்டியை ‘ஒரிஜினல்’ பட்டியலிலிருந்து நீக்கட்டும். குளிர்ச்சிதான் முக்கியம் என்பவர்களுக்கு வாடகைக்கு இன்னோவா கிடைக்கிறது.