கணவனைத் தேடி ஒருத்தி

சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ தியேட்டரில் 2003இல் தொடங்கிய 'நுவார் சிட்டி' விழா, பழைய கருப்பு வெள்ளைக் குற்றப் படங்களுக்கானது. நுவார் என்றதும் நினைவுக்கு வருவது ஆளைக் கவிழ்க்கும் மோகினிதான். 'டபுள் இன்டெம்னிட்டி'யில் (1944) பார்பரா ஸ்டான்விக் மாடிப்படி இறங்கும்போது, கணுக்கால் சங்கிலியை விட்டுக் கேமரா நகர மறுக்கும். பொன்னிற விக் மட்டும் ஒட்டவே ஒட்டாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன் என்றார் இயக்குநர் பில்லி வைல்டர், நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஆனால் அந்த விழாவின் நிஜ நாயகி வேறொருத்தி.

'உமன் ஆன் த ரன்' (1950). கொலையைக் கண்ணால் பார்த்த கணவன் பயந்து ஓடிவிட, அதே சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் அவனைத் தேடி அலையும் மனைவி ஆன் ஷெரிடன். அன்பு வற்றிப்போன கல்யாணம். போலீஸ் எதைக் கேட்டாலும் வெடுக்கென்று பதில். தேடத் தேடத்தான் கூடவே வாழ்ந்தவன் யாரென்று புரிகிறது. குரலின் காரம் காட்சிக்குக் காட்சி கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. மோகினி வேஷத்தைவிட இது கஷ்டம்.

முதல் விழாவில் ஓடிய பிரதி 2008இல் யுனிவர்சல் ஸ்டுடியோ தீயில் கருகியது. பிரிட்டனில் கிடைத்த பிரதியைக் கொண்டு புதுப்பித்து, 2015இல் மறுபடி காஸ்ட்ரோவில் திரையிட்டார்கள். ஓடும் ரோலர் கோஸ்டரில் சிக்கிக்கொண்டு, கீழே நிற்கும் கணவனை எச்சரிக்க ஷெரிடன் தொண்டை கிழியக் கத்தினார்.