வெறும் வயிற்றுச் சோதனை

நாட்டுத் தயிரிலுள்ள நல்ல பக்டீரியா இரைப்பை அமிலத்தில் செத்துவிடும், நுண்ணுறை போட்டால்தான் உயிரோடு குடலை அடையும் என்ற வாதத்தைப் பாலுணவுத் துறையில் இன்று பலரும் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். அது தவறான ஒப்பீட்டின் மேல் நிற்கிறது என்பது என் நெடுநாள் கருத்து.

நுண்ணுறையிடல் வீண்வேலை அல்ல. பக்டீரியா கலந்த சோடியம் அல்ஜினேட் கரைசலைக் கல்சியம் குளோரைட்டில் துளித்துளியாக விட்டால் கிடைக்கும் ஜெல் மணிகள், புளிப்பான பழச்சாற்றிலும் ஒட்சிசன் படும் உணவிலும் உண்மையாகவே காப்புத் தருகின்றன. ரஜரட்டைப் பல்கலைக்கழகமும் பிரித்தானியாவின் ரெடிங் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வில், அல்ஜினேட்டோடு ஆட்டுப்பாலும் இனுலின் என்ற நார்ச்சத்தும் கலந்த உறைக்குள் பிஃபிடோபக்டீரியம் செயற்கைச் சமிபாட்டு நிலையிலும் யோகட்டிலும் கூடுதலாகப் பிழைத்தது. நல்ல வேலை. நாட்டுத் தயிரில் என்ன பக்டீரியா இருக்கிறது என்பது சட்டிக்குச் சட்டி மாறும் என்பதும், அதை அப்படியே புரோபயோட்டிக் என்று அழைக்க முடியாது என்பதும் சரிதான்.

ஆனால் உறை எதை வென்றது? பெரும்பாலான ஆய்வுகளில் எதிரே நிற்பது, வளர்ப்பூடகத்திலிருந்து கழுவியெடுத்து pH 2 அளவிலான அமிலக் கரைசலில் ஓரிரு மணிநேரம் விட்ட அம்மணமான பக்டீரியா. அப்படி யாரும் தயிர் உண்பதில்லை. நக்கிள்ஸ் அடிவாரத்து லக்கலயில் சோற்றுக்குப் பின் கித்துள் பாணி ஊற்றித் தயிர் சாப்பிடுபவரின் வயிற்றை எண்ணிப்பாருங்கள். உணவு சேர்ந்ததும் இரைப்பையின் அமிலத்தன்மை தணிகிறது, பாற்புரதம் அமிலத்தை உறிஞ்சுகிறது, கொழுப்பு பக்டீரியாவைச் சூழ்கிறது. 2011இல் வெளியான ஒரு செயற்கை இரைப்பை ஆய்வில், அமிலம் தாங்கும் பூச்சு எதுவுமில்லாத பக்டீரியாவே உணவோடு அல்லது உணவுக்குச் சற்று முன் சேர்த்தபோது நன்றாகப் பிழைத்தது. கொழுப்பில்லாத பழச்சாற்றோடும் வெறும் நீரோடும் கொடுத்தபோது சரிவு கூடியது. 2014இல் பல நாட்டு ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்ட இன்ஃபோஜெஸ்ட் என்ற செயற்கைச் சமிபாட்டு முறையும் உணவை இரைப்பை நீரோடு சமபங்காகக் கலந்து pH 3 இல்தான் வைக்கச் சொல்கிறது. அதற்குப் பின்னும் பழைய கடும் சோதனையையே வைத்துக்கொண்டு, "உறை பல மடங்கு காத்தது" என்று எழுதுகிறார்கள். எதிராளியின் கவசத்தைக் கழற்றிவிட்டுப் பெறும் வெற்றி இது. உணவே அந்தக் கவசம்.

மணியின் அளவிலும் இதே சிக்கல். பெரிய மணி காக்கும், ஆனால் தயிரில் மணல்போல் நாக்கில் தட்டுப்படும். சிறியதாக்கினால்? 100 மைக்ரோமீற்றருக்கும் குறைந்த அல்ஜினேட் மணிகள் பிஃபிடோபக்டீரியாவைச் செயற்கை இரைப்பை நீரிலிருந்து காக்கவில்லை என்று 2002லேயே ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. காக்கும் அளவு வேறு, உண்ணத்தக்க அளவு வேறாக இருக்கும்போது, எந்த அளவு மணியை வைத்து இந்தப் பெருமை பேசப்படுகிறது என்று வாசகர் கேட்கவேண்டும்.

உயிரோடு போய்ச் சேர்வது நன்மை அல்ல, நன்மைக்கான ஒரு நிபந்தனை மட்டுமே. 2001இல் உணவு விவசாய அமைப்பு, உலக சுகாதார அமைப்பு ஆகியவற்றின் நிபுணர் குழு புரோபயோட்டிக்குக்குத் தந்த வரையறையிலும் போதிய அளவோடு உடல்நலப் பயனும் சேர்ந்தே நிற்கிறது. ஆகவே உறையிட்ட தயிரையும் உறையிடாத தயிரையும் ஒரே இனப் பக்டீரியாவோடு, சோறும் கறியும் உண்ட மனிதருக்குக் கொடுத்து, இரு சாராருடைய குடலிலும் என்ன நடந்தது என்று பார்க்கட்டும். மாதிரி இரைப்பையில் எண்ணிக்கை பார்க்கும் ஆய்வுக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்காவது இதற்குப் போகவேண்டும்.