ஒப்பமும் உண்மையும்

அட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில், வளைவை அணுகும் வாகனம் ஹோர்ன் ஒலி எழுப்புவது வழக்கம். மலைக்கு அப்பால் வரும் வண்டிக்கு இப்பால் வரும் வண்டி விடுக்கும் செய்தி அது. எழுப்பியவர் யாரென எவரும் வினவுவதில்லை. இவ்வெளிய ஒலியின் இடத்தில் கம்பியில்லாத் தொடர்பை அமர்த்த மேனாட்டார் நெடுநாளாக முயன்று வருகின்றனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1999இல் இதற்கென 5.9 கிகாஹேட்ஸ் பகுதியில் 75 மெகாஹேட்ஸ் அகலம் ஒதுக்கப்பட்டது; 2020இல் அதிற் பெரும்பகுதியை வேறு பயனுக்கு மாற்றத் தீர்மானிக்கப்பட்டது. புதிய மோட்டார் வண்டிகளில் இக்கருவியைக் கட்டாயமாக்க 2017இல் முன்வைக்கப்பட்ட விதி 2023இல் மீளப் பெறப்பட்டது. முயற்சியோ கைவிடப்படவில்லை. இதனைப் புகழ்ந்து எழுதுவோர், செய்தியில் ஒப்பம் இருப்பின் செய்தி நம்பத்தக்கது என்னும் எண்ணத்தைப் படிப்போர் உள்ளத்தில் எளிதாக ஊன்றிவிடுகின்றனர். ஆராயப்பட வேண்டியது அவ்வெண்ணமே.

முறையின் அமைப்பு இது: ஒவ்வொரு வண்டியும் தான் நிற்கும் இடம், வேகம், செல்லும் திசை, தடை அழுத்தப்பட்டதா என்பது ஆகியவற்றை ஒரு விநாடிக்குப் பத்து முறை வரை அறிவிக்கும். அறிவிப்பு ஒவ்வொன்றிலும் அவ்வண்டிக்கு மட்டுமே உரிய இரகசியத் திறவுகோலால் இடப்பட்ட ஒப்பம் உண்டு. அதிகாரம் பெற்ற நிலையம் வழங்கிய சான்றிதழும் உடன் செல்லும். வழியில் ஓர் எழுத்தை மாற்றினும் ஒப்பம் பொருந்தாது. பொருந்தாத செய்தியைப் பெறும் வண்டி தள்ளிவிடும். கணித முறையில் இதிற் குறைகாண்பது அரிது.

எனினும் ஒப்பம் கூறுவது யாது? இச்செய்தி சான்றிதழ் பெற்ற ஒரு கருவியிலிருந்து வந்தது, வழியில் மாறவில்லை என்பது மட்டுமே. இடத்தை அளக்கும் கருவி பிழைபட்டிருப்பின், அப்பிழையும் முறையாக ஒப்பமிடப்பெற்றே வரும். சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் அரண்மனைக்குப் புதியவன் அல்லன். சொன்னவன் யார் என்பதிற் பாண்டியனுக்கு ஐயம் இருக்கவில்லை; சொல் மெய்யோ என்பதனையே அவன் ஆராய்ந்தானில்லை. சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோதுதான் சொல்லின் உள்ளீடு சோதனைக்கு உள்ளாயிற்று. அதற்குள் கோவலன் உயிர் போயிற்று.

ஊர்திகளுக்கிடையே செல்லும் செய்தியின் நம்பகம் பற்றிய வினா புதியதன்று. 1874 செப்டம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்தில் நோரிச் நகரை அடுத்த தோர்ப் என்னுமிடத்தில், ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிராக வந்த இரு புகைவண்டிகள் மோதி 25 பேர் மாண்டனர். எதிர்ப்புறத்து வண்டியை அனுப்புமாறு சென்ற தந்தியே காரணம். அதிகாரியின் ஒப்பம் பெற்ற பின்னரே தந்தி அனுப்பப்பட வேண்டும் என்பது விதி. அன்று ஒப்பமின்றியே அது சென்றது. அனுப்பச் சொன்னவர் யார், சொன்னாரா இல்லையா என்பதே பின்னர் வாதமாயிற்று. இக்கோர நிகழ்ச்சியின் பின் எட்வேர்ட் டையர் என்பவர் 1878இல் ஒரு பொறிமுறைக்கு உரிமை பெற்றார். அவர் ஒப்பத்தை இன்னும் கடுமையாக்க முற்படவில்லை என்பது கருதத்தக்கது. அடுத்தடுத்த இரு நிலையங்களில் மின்கம்பியால் இணைந்த இரு பெட்டிகளை வைத்தார். அவற்றுள் ஒன்றிலிருந்து ‘டப்லட்’ எனப்படும் தகடு ஒன்று வெளியே எடுக்கப்பட்டால், அது மீண்டும் பெட்டியுள் இடப்படும்வரை, இரண்டிலிருந்தும் வேறொரு தகட்டை எடுத்தல் இயலாது. தகடு கையில் இல்லாத சாரதி நிலையத்தை விட்டு நகரலாகாது.

றம்புக்கணைக்கு மேலே பதுளை வரை ஒற்றைத் தண்டவாளமாகச் செல்லும் மலைநாட்டு இருப்புப்பாதையை நெடுங்காலம் ஆண்டது இத்தகடே. 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய பாதை அது. வளையத்திற் கோத்த தோற்பையை நிலையத்தார் நீட்ட, ஓடும் வண்டியிலிருந்து அதனைப் பற்றுவதைத் தோட்டப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்ததுண்டு. அத்தகட்டில் நிலையங்களின் பெயர் உண்டு. சாரதியின் பெயர் இல்லை. ‘நான் இன்னார்’ என்று அது கூறுவதில்லை. ‘எதிரே எவரும் இல்லை’ என்றே கூறுகிறது. அக்கூற்று உண்மையாதற்குக் காரணம் சாரதியின் நேர்மை அன்று, பெட்டிகளின் அமைப்பு. இருப்புப்பாதையில் இடமே சாட்சி. வீதிக்கென வகுத்த முறையிலோ வண்டி தனக்குத் தானே சாட்சி.

பல நூறு வண்டிகள் செல்லும் வீதியில் தகட்டு முறை நடவாது என்பர். உண்மையே. அதற்கு ஈடாக, கேட்ட செய்தியைத் தன் கண்ணாற் சரிபார்க்கும் கமராவும் ராடாரும் வண்டியில் உண்டு என்றும் கூறுவர். சமவெளிக்கு இவ்விடை போதும். மலைவளைவிலோ கண்ணுக்கு எட்டாத இடத்திலேயே செய்தி மிகவும் தேவைப்படுகிறது. ஆங்கே சரிபார்த்தலும் இயலாது. போதாக்குறைக்கு, இவ்வுயர் அலைகள் பாறையைச் சுற்றி வளைந்து செல்வனவும் அல்ல. ஆதலின் வளைவின் முனையில், இருபுறமும் காணத்தக்க நிலையான கருவி ஒன்று நின்று, தான் கண்டதைத் தன் ஒப்பத்துடன் அறிவிக்க வேண்டும். வீதியோரக் கருவிகள் இத்திட்டங்களிற் பேசப்படுவனவே. ஆயினும் வசதி கிடைத்தாற் சேர்க்கத்தக்க துணையாகவே அவை பெரிதும் எண்ணப்படுகின்றன. மலைநாட்டைப் பொறுத்தவரை அவையே முதல்.

சான்றிதழ் முறையிற் போற்றத்தக்க பகுதியும் ஒன்றுண்டு. ஒரே சான்றிதழை நாள்தோறும் ஏந்திச் சென்றால் ஒருவர் போகுமிடமெல்லாம் பிறர் அறிவர் என அஞ்சி, அமெரிக்கத் திட்டத்தில் ஒரு வண்டிக்கு வாரத்துக்கு 20 புனைபெயர்ச் சான்றிதழ்கள் வகுக்கப்பட்டன. வண்டியையும் புனைபெயரையும் ஒருங்கே அறியும் தனி நிலையம் எதுவும் இராதவாறு பொறுப்புகளும் பிரிக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டைத் தாங்கி இம்மலைகளுக்கு அனுப்பப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்கு இவ்வச்சத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை. அத்தகரம் ஆள் எங்கே ஒப்படைக்கப்பட வேண்டியவர் என்பதைத் துரைமாருக்கு உணர்த்திற்று; தாங்கியவரைக் காக்க எழுந்ததன்று. புனைபெயர் முறை அதனினும் பன்மடங்கு நாகரிகமானது. ஆயினும் ஒரு வண்டிக்கு இருபது பெயர் இருப்பின், திருடிய கருவியொன்று இருபது வண்டிகளாக வேடங்கொண்டு வெறும் வீதியில் நெரிசலை உண்டாக்கிக் காட்டவும் கூடும். மறைவைக் காக்கத் திறந்த வாயிலிலேயே பொய்யும் நுழைகிறது.

எஞ்சுவது, சான்றிதழே இல்லாதோர் நிலை. 2023 ஜனவரியில் நானுஓயா, ராதெல்ல குறுக்குப் பாதையில் பஸ் ஒன்றும் வான் ஒன்றும் முச்சக்கர வண்டியொன்றும் மோதியதில் எழுவர் உயிரிழந்தனர். இத்தகைய மோதலுக்குக் கம்பியில்லா எச்சரிக்கை பயன்பட வேண்டுமாயின் மூன்று ஊர்திகளிலும் கருவி இருந்திருக்க வேண்டும். முச்சக்கர வண்டிக்கு அக்கருவி எட்டும் காலம் அண்மையில் இல்லை. ஒப்பமில்லாத செய்தியைத் தள்ளுவது விதி. செய்தியே விடாதவர் அவ்விதியின் கண்ணுக்கு இல்லாதவரே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின், பிறந்த மண்ணிலேயே பத்திரமின்மையாற் கணக்கில் வராதவராயினோர் வாழ்ந்த மலை இது. அவருள் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அக்குறை தீரவில்லை. கொழுந்துக் கூடையுடன் வீதியோரம் நடந்து வரும் பெண்ணுக்குச் சான்றிதழ் வழங்கும் நிலையம் எத்திட்டத்திலும் இல்லை. அவள் வருகிறாள் என்பதனை அவளுக்காக அறிவிக்கத்தக்கதும் வளைவின் முனையில் நிற்கும் அக்கருவியே.