சிரட்டையும் மூக்குப்பேணியும்

யாழ்ப்பாணத்து உணவைப் பற்றி எழுதுவது இப்பொழுது ஒரு தனித் தொழிலாகிவிட்டது. கொழும்பிலிருந்து வருவோரும், கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருவோரும் இரண்டு நாள் நகரைச் சுற்றி, நண்டுக்கறியும் ஒடியற் கூழும் உண்டு, மூன்றாம் நாள் கட்டுரை எழுதிவிடுகிறார்கள். கோட்டை, நூலகம், நல்லூர், கோயிலருகே ஐஸ்கிறீம், பிறகு 'உறைப்பான கறி' என்ற வரிசைகூட மாறுவதில்லை. இவ்வகைக் கட்டுரைகள் சிலவற்றைச் சென்ற மாதம் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தபோது ஒரு புதுமையைக் கண்டேன். இவற்றிலே எல்லோரும் உண்கிறார்கள்; ஒருவரும் சமைப்பதில்லை. மீன் தானாகக் கரைக்கு வருகிறது, ஒடியல் தானாகக் காய்கிறது, பனை தானாகக் கள்ளை இறக்கி வைத்துவிடுகிறது.

இதனை ஒரு சிறு குறையென்று விட்டுவிடலாமே என நண்பர் ஒருவர் சொன்னார். உணவுக் கட்டுரையில் சமுதாய வரலாற்றைத் தேடுவது பாயாசத்தில் உப்பைத் தேடுவது போலாகும் என்பது அவர் கட்சி. எனக்கு அது உடன்பாடன்று. ஓர் ஊரின் உணவைப் பற்றி எழுதுகிறவன் அந்த ஊரில் யார் யாரோடு இருந்து உண்டார், யார் எங்கே நின்று உண்டார் என்பதை எழுதாவிட்டால், அவன் எழுதியது உணவைப் பற்றி அன்று. தன் நாக்கைப் பற்றியே.

ஒடியற் கூழை எடுத்துக்கொள்வோம். பனங்கொட்டையைப் பாத்தியிலே புதைத்து, முளை இறங்கிக் கிழங்கானபின் கிண்டியெடுத்து, தோலுரித்து, இரண்டாகக் கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து அரித்த மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, அதன் கைப்பு நீங்கும்வரை நீரை மாற்ற வேண்டும். பிறகே அடுப்பு. விலைபோகாத சிறுமீன், கால் முறிந்த நண்டு, நாலு இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, முருங்கையிலை, செத்தல் மிளகாய், பழப்புளி என்று வீட்டில் அகப்பட்டதெல்லாம் ஒரே பானையிலே சேரும். இது விருந்துணவாகப் பிறந்தது அன்று. அரிசி போதாத வீட்டிலே, ஒரு பானையைக் கொண்டு பத்துப் பேரின் வயிற்றை நிரப்பத் தெரிந்த பெண்கள் கண்ட வழி அது. 1990இல் போர் மீண்டும் மூண்டு, வடபகுதிக்குப் பொருள்கள் வருவது தடுக்கப்பட்ட ஆண்டுகளிலும் எங்களைக் காப்பாற்றியது பனைதான். சீனி இல்லாத தேநீரைப் பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடித்த தலைமுறையில் நானும் ஒருவன். இன்று விடுதிகளிலே அதே கூழ், மீனும் நண்டும் மிதமிஞ்சி, பட்டியலின் முதற்பக்கத்தில் நிற்கிறது. நிற்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதனைப் 'பாரம்பரிய விருந்து' என்று எழுதுகிறவர், பசியை விருந்தென்று பெயர் மாற்றி எழுதுகிறார்.

கூழை ஊற்றிக் கொடுப்பதற்கு விடுதிக்காரர் பனையோலையாற் கோலிய பிளாவைத் தேடிப் பிடிக்கிறார். வருவோர் அதனைப் படம் எடுக்கிறார்கள். பிளாவிலே கள்ளுக் குடித்தவனை ஊருக்குள்ளே எப்படி நடத்தினார்கள் என்பது படத்தில் விழாது. கள்ளை இறக்கியவன் நிலைமையோ அதனினும் கொடிது. மரம் ஏறுகிறவன் ஒருவன். தவறணைக் குத்தகையால் வளர்ந்தவன் வேறொருவன். 1972ஆம் ஆண்டையொட்டிக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றிய பின்னரே சீவற் தொழிலாளிக்குத் தன் கள்ளைத் தன் சங்கத்தினூடாக விற்கும் வாய்ப்புக் கிடைத்தது. எந்த உணவுக் கட்டுரையும் இச்செய்தியைச் சொல்லக் கண்டேனில்லை.

இனித் தேநீர். யாழ்ப்பாணத்து மண்ணிலே தேயிலை விளைவதில்லை. மலைநாட்டிலே கொழுந்து கிள்ளியவர்களும் தமிழர்களே. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவர்களுடைய உழைப்பை நாம் காலையிலும் மாலையிலும் குடித்தோம். குடித்த இடமோ வேறொரு கொடுமையின் களமாக இருந்தது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலே தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கதிரை இல்லை, கண்ணாடிக் குவளை இல்லை. வெளியே நின்று போத்தலிலோ, தகரப் பேணியிலோ, சிரட்டையிலோ வாங்கிக் குடிக்கவேண்டும். காசு மாத்திரம் எல்லோருக்கும் ஒரே காசு.

சிறுபான்மைத் தமிழர் மகாசபை 1950களில் இதனை எதிர்த்து நின்றது. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் தாளிலே இருந்தது, போத்தல் கடை வாசலிலே தொங்கியது. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலமும், அடுத்த ஆண்டில் அமைந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், சங்கானையிலும் நிச்சாமத்திலும் நடந்த போராட்டங்களும் உயிர்ப்பலியோடு பெற்ற உரிமை என்னவென்றால், ஒரு கதிரையில் இருந்து ஒரு குவளையில் தேநீர் குடிப்பது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நாணமாக இருக்கிறது. உலகின் வேறு பகுதிகளிலே மனிதர் நிலத்துக்கும் ஆட்சிக்கும் போராடிக்கொண்டிருந்த வேளையில், நம்மவர் ஒரு குவளைத் தேநீருக்காக உயிரைக் கொடுக்கவேண்டியிருந்தது.

இலக்கியம் இதற்கு என்ன செய்தது என்பது அடுத்த கேள்வி. 1954இல் அமைந்த இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்தோர் இவ்விடயத்திலே தம் கடனைச் செய்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. கஸ்தூரியார் வீதியிலே சலூன் நடத்திய டொமினிக் ஜீவா 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளியாயிற்று. அவருடைய மற்றொரு நாவலுக்குத் 'தண்ணீர்' என்றே பெயர். என். கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' என்ற சிறுகதையை நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் படித்துக் காட்டுவதுண்டு. தம்மை நாடி வந்தவர்களை வீட்டுக்குள் அழைக்க மனமில்லாத ஒரு பெரிய மனிதர், நிலவு நன்றாக இருக்கிறதே, வெளியிலே போய்ப் பேசலாம் என்கிறார். அவ்வளவே கதை. ஒரு கடுஞ்சொல் இல்லை. அந்த நிலவின் அழகுதான் அக்கதையின் கொடுமை. வந்தவர்களுக்கு அவர் ஒரு வாய் தண்ணீராவது கொடுத்தாரா என்று வகுப்பிலே கேட்டால் மாணவர்கள் கதையை மீண்டும் புரட்டுகிறார்கள். எதனில் ஊற்றிக் கொடுத்திருப்பார் என்று அடுத்துக் கேட்டால் வகுப்பிலே சத்தம் அடங்கிவிடுகிறது.

இவற்றையெல்லாம் 'இழிசனர்' எழுத்தென்று பழித்த பண்டிதர்களும் இருந்தார்கள். அக்காலத்துப் பூசல்களின் சூட்டிலே 1963இல் யாழ்ப்பாணத்துச் சாகித்திய விழா மேடையை நோக்கிக் கூழ்முட்டை பறந்தது. நமது இலக்கிய வரலாற்றிலே உணவுப்பொருள் நேரடியாகப் பங்குபற்றிய நிகழ்ச்சி அது ஒன்றுதான் போலும்!

ஆயினும் நம் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பைப் பற்றிச் சிறுவர்க்குப் பாடிய பாட்டிலே கூழின் மணம் கமழ்கிறது. கொழுக்கட்டையின் வடிவு தெரிகிறது. அப்பாட்டை வகுப்பிலே சொல்லும்போது பிள்ளைகளின் வாயூறுவதைக் கண்ணாரக் காணலாம். நமது முற்போக்குக் கதைகளில் வாயூறுவது மிக அருமை. தேநீர் மறுக்கப்பட்டதை எழுதினோம்; அத்தேநீர் எப்படி இருந்தது என்பதை எழுதவில்லை. தாழ்த்தப்பட்டவன் அவமானப்பட்டதைத் தெரிந்துகொண்ட அளவுக்கு, அவன் வீட்டிலே அவன் மனைவி வைத்த கருவாட்டுக் குழம்பின் ருசியை நாம் தெரிந்துகொள்ளவில்லை. ஆகவே ருசி முழுவதும் ஒரு பகுதியாரின் சொத்தாகவும், பசி முழுவதும் மறுபகுதியாரின் சொத்தாகவும் பிரிந்து போயிற்று. இன்றைய விடுதிக் கட்டுரைகள் 'யாழ்ப்பாணச் சமையல்' என்று ஒரே சமையலைக் காட்டுவதற்கு நாமும் ஒருவகையில் இடம் கொடுத்தோம். அடுப்படியிலே நாள் முழுவதும் வெந்த பெண்ணைப் பற்றியோ, இரு தரப்பாரும் போதிய அளவு எழுதவில்லை.

இவ்வளவையும் பிறர்மேல் ஏற்றிச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்வது முறையன்று. என் அப்பாச்சியின் வீட்டிலே நல்ல பித்தளை மூக்குப்பேணி இரண்டு இருந்தன. விருந்தினர் வந்தால் புளி போட்டு மினுக்கிய பேணியிலே மோர் வரும். உதடு படாமல் அண்ணாந்து குடிக்க வேண்டும் என்பது ஆசாரம். நான் சட்டையெல்லாம் நனைத்துக்கொள்வேன். அதே வீட்டின் பின்புறத்து இறப்பிலே, ஓலைக்குள்ளே, ஒரு சிரட்டை செருகியிருந்தது. எட்டு வயதிலே அதைக் கையில் எடுத்து, "அப்பாச்சி, இது என்னத்துக்கு?" என்று கேட்டேன். "அது தோட்டத்துக்கு வாற ஆக்களுக்கு, மோனை, இருந்த இடத்திலை வைச்சிட்டுக் கையைக் கழுவு" என்றார். குரலிலே கோபம் இல்லை. பிள்ளைக்கு ஒழுக்கம் கற்பிக்கும் அன்பே இருந்தது. அந்த அன்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் வைத்த கத்தரிக்காய்க் குழம்பின் ருசியை மறக்கவும் முடியவில்லை.

இப்போது மூக்குப்பேணி பண்பாட்டுச் சின்னமாகிவிட்டது. உணவகங்களின் சுவரிலே இருக்கிறது, பாடசாலைக் கண்காட்சியிலே இருக்கிறது, திருமணப் பரிசாகவும் கொடுக்கிறார்கள். சிரட்டைக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஒரே வீட்டிலே, ஒரே ஆசாரத்தின் இரண்டு கைகளாக இருந்தவை அவை. ஒரு கையை மாத்திரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் அதற்குப் பெயர் வரலாறு அன்று.

திருநெல்வேலியிலே இருந்துகொண்டு நல்லதொன்றையும் சொல்லாமல் விடலாகாது. பல்கலைக்கழகத்திலே படித்த காலத்தில் நாங்கள் பலாலி வீதிச் சந்தையைச் சுற்றியிருந்த கடைகளிலே சாப்பிட்டோம். அன்று எவரும் எவரையும் ஊரென்ன, பகுதியென்ன என்று கேட்டதில்லை. கேட்காமலே அறிந்துகொண்ட சிலர் இருந்திருக்கலாம். பின்னர் மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவிலே பெண்கள் நடத்தும் 'அம்மாச்சி' உணவகம் இங்கே வந்தது. தோசையும் வடையும் இலைக்கஞ்சியும் சமைப்பவர்கள் நம் கண் முன்னே நிற்கிறார்கள். விலை தொழிலாளிக்கும் மாணவனுக்கும் எட்டக்கூடியது. சமைக்கும் கையை உண்பவன் காணக்கூடிய உணவகம் என்ற ஒன்றே எனக்கு அதிலே பெரிதாகப்படுகிறது. எந்தச் சுற்றுலாக் கட்டுரையையும்விட அந்த உணவகம் நல்ல கட்டுரை. அடுப்படிச் சூட்டைப் பெண்ணின் இயல்பான இடமென்று மீண்டும் நிலைநாட்டிவிடாதா என்ற ஐயத்தையும் உடன் சொல்லவேண்டும். ஆனால் வீட்டிலே கூலியின்றி வேகுவதற்கும், கைக்கு வருமானம் வர வேகுவதற்கும் வேற்றுமை உண்டு.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிணற்றிலே அள்ளும் உரிமைக்காக எழுதப்பட்ட கதைகளை நாம் படித்தோம். இன்று வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றிலே, தோட்டங்களுக்குப் போட்ட உரத்தின் நைத்திரேற்று ஊறி நிற்கிறது. சுன்னாகப் பக்கத்திலே கிணற்றுநீரில் எண்ணெய் கலந்த செய்தி 2014, 2015ஆம் ஆண்டுகளிலே ஊரையே கலக்கியது. இப்பொழுது எல்லாச் சாதியாரும் தண்ணீரைப் போத்தலிலேதான் வாங்கிக் குடிக்கிறோம்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது வேறொரு சங்கதி. பத்தாம் வகுப்பு மாணவர்களை 'எங்கள் ஊர் உணவு' என்று எழுதச் சொன்னேன். நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் இடியப்பம், சொதி, கூழ் என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி தன் தாயின் கடன் புத்தகத்தைப் பற்றி எழுதியிருந்தாள். அது தனியே எழுதவேண்டிய விடயம். ஒரு பையன், தன் அம்மப்பா இளமையிலே தேநீரைப் போத்தலில் வாங்கிக் குடித்ததையும், கடைசிக் காலம்வரை எந்தக் கடைக்கும் உள்ளே போக மறுத்ததையும் ஒன்றரைப் பக்கத்தில் எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் இருந்தன, பொய் இல்லை. அதனை வகுப்புக் கையெழுத்துச் சஞ்சிகையிலே சேர்த்தேன். "இந்தப் பழசுகளை ஏன் மாஸ்டர் கிளறுறியள்? பிள்ளையளுக்கு இதெல்லாம் தெரியாமலே போகட்டுமே" என்றார் மூத்தவர் ஒருவர். அவர் கெட்டவர் அல்லர். நான் பையனைக் கூப்பிட்டு, வேண்டுமானால் எடுத்துவிடலாம், உன் விருப்பம் என்றேன்.

அவன் மறுநாள் அதே கட்டுரையை நீட்டி எழுதிக்கொண்டு வந்தான். இம்முறை அம்மம்மா கூழ் வைக்கும் முறையையும் சேர்த்திருந்தான். மீன் குறைந்த நாட்களிலே மரவள்ளியைக் கூட்டிப் போடுவாராம். அப்படி வைத்த கூழே தனக்குப் பிடிக்கும் என்றும், கடைக்கு வராத அம்மப்பா அடுப்படியிலே இருந்து மூன்று பிளா குடிப்பார் என்றும் எழுதியிருந்தான். "சேர், இப்ப மூன்று பக்கம் வந்திட்டுது, போடுவியளோ?" என்று கேட்டான்.

சஞ்சிகையில் முதற் கட்டுரையாகப் போட்டிருக்கிறேன்.