முகமூடியைக் கழற்றாத நாவலாசிரியர்

முகமூடி அணிந்து வருகிற தெய்வத்தைப் பற்றி எழுதப் புகும் நாவலாசிரியருக்கு ஒரு சங்கடம் உண்டு. உள்ளே இருப்பது யார் என்று சொல்லிவிட்டால் தெய்வம் போய்விடும்; சொல்லாமல் விட்டால் நாவல் போய்விடும். மனிதர்களை உள்ளும் புறமுமாகக் காட்டுவதுதானே நாவலின் வேலை? இந்தச் சங்கடத்தை நேருக்கு நேர் சந்தித்து வெற்றியும் கண்டவர் நைஜீரியாவின் சினுவா அச்செபே என்பது என் அபிப்பிராயம். அவருடைய முதல் நாவலான 'திங்ஸ் ஃபால் அபார்ட்' 1958-ல் லண்டனில் வெளிவந்தது. வெள்ளைக்காரன் வந்தான், பழைய உலகம் சரிந்தது என்று இரண்டு வரியில் அதன் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த நாவலில் முக்கியமாகப் படுவது அதில் வருகிற முகமூடிகள்தாம்.

நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்களுக்கு முகமூடி ஆட்டம் வெறும் கேளிக்கை அல்ல. மண்ணுக்குள் போய்ச் சேர்ந்துவிட்ட முன்னோர்கள் புற்றின் துவாரம் வழியாக மேலே வந்து, ஊரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பது நம்பிக்கை. ஊருக்கு ஊர் உருவம் வேறுபடும். கன்னி ஆவிக்கு வெண்மை பூசிய முகம், மெல்லிய மூக்கு, சிறிய வாய், தலையில் அடுக்கடுக்காக எழுந்த கொண்டை. ஆடுகிறவன் என்னவோ ஆண்பிள்ளைதான். சில ஆவிகளுக்கு உருவமே இல்லை. இரவில் குரல் மட்டும் தெருவைச் சுற்றிவரும், பெண்கள் வீட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரியது இஜேலே. சுமார் நாலு மீட்டர் உயரம். அதைச் செய்து முடிக்கவும், அதை நிறுத்திவைக்க ஒரு கூடம் கட்டவும், நூறு பேர் ஆறு மாதம் உழைக்க வேண்டுமாம். அனாம்ப்ரா மாநிலத்தில் மழையில்லாத மாதங்களில் ஆடப்படுகிற இந்த இஜேலேயை 2009-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அச்செபேயின் நாவலில் வருகிற முகமூடிகளுக்கு எக்வுக்வு என்று பெயர். உமுவோபியா என்கிற சமூகத்தில் ஒன்பது கிராமங்கள். கிராமத்துக்கு ஒன்றாக ஒன்பது எக்வுக்வு வரிசையாக உட்கார்ந்து வழக்குக் கேட்கின்றன. பெண்டாட்டியை ஓயாமல் அடிக்கிற ஒருவன். பொறுக்கமாட்டாமல் அவளையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போய்விட்ட அவள் சகோதரர்கள். கொடுத்த பரியத்தைத் திருப்பித் தா என்பது புருஷனின் வாதம். ஒரு குடம் கள் எடுத்துக்கொண்டு போய் மாமனார் வீட்டாரைக் கெஞ்சி, மனைவியை அழைத்துக்கொள் என்பது தீர்ப்பு. இவ்வளவு அற்ப விஷயம் ஆவிகளிடம் வருவானேன் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்கிறார். வேறு யார் சொன்னாலும் இவன் கேட்கமாட்டான் என்று பதில் வருகிறது. முகமூடி எதற்காக என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் சொன்னால் சண்டை. அவனே செத்துப்போன பாட்டனாகி வந்து சொன்னால் நியாயம்!

இந்தக் காட்சியில்தான் அச்செபேயின் கை தெரிகிறது. இரண்டாவது எக்வுக்வுவின் துள்ளல் நடை கதாநாயகன் ஒக்கோங்க்வோவின் நடையாக இருக்கிறதே என்று அவன் மனைவிமார் கவனித்திருக்கலாம். ஊர்ப் பெரியவர்கள் வரிசையில் அவன் காணப்படவில்லை என்பதையும் கவனித்திருக்கலாம். கவனித்திருந்தால் மனத்தோடு வைத்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே, துள்ளி நடக்கிற அந்த உருவம் குலத்தின் மாண்ட பிதாக்களில் ஒருவர் என்கிறார் ஆசிரியர். வெள்ளை பூசிய மரமுகம், கரிந்த பல், இரண்டு கொம்பு என்று பயங்கரமாக வர்ணித்துக்கொண்டே போகிறார். சிரிப்பும் இல்லை, கண்சிமிட்டலும் இல்லை. உள்ளே இருப்பது ஒக்கோங்க்வோ என்று வாசகருக்குத் தெரியும். எதிரே நிற்பது முன்னோர் என்பதும் தெரியும். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கின்றன.

ஆகவே முகமூடி நிற்பது ஏமாளிகளை நம்பி அல்ல என்று ஏற்படுகிறது. தெரிந்தவர்கள் வாய் திறக்காமல் இருப்பதனால்தான் அது நிற்கிறது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். ஒரு ஊர் கூடி வாழ்வதற்கு வேண்டிய மரியாதை என்று நான் சொல்வேன். நீதிபதி அங்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நாம் எழுந்து நிற்கிறோம். வீட்டில் அவர் காப்பிக்காகக் கத்துகிற மனிதர் என்பது தெரியாமலா நிற்கிறோம்?

நாவலின் பிற்பகுதியில் இந்த மௌனத்தை ஒருவன் உடைக்கிறான். பாம்புத் தெய்வத்தின் பூசாரியுடைய மகன் அவன். கிறிஸ்தவனாகி ஏனோக்கு என்று பெயர் பெற்றவன். பூமித்தாயின் திருவிழா ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிடுகிறது. எக்வுக்வு தெருவில் இருப்பதால் மாதாகோயிலுக்கு வந்த பெண்கள் வீடு திரும்ப வழியில்லை. ஆண்கள் போய் வேண்டிக்கொண்டதும், சற்று நேரம் விலகியிருக்க எக்வுக்வு சம்மதித்து நகரவும் தொடங்கிவிடுகின்றன. சமரசம் முடிந்துவிட்டது! அப்போதுதான் ஏனோக்கு, கிறிஸ்தவன்மேல் கைவைக்க இவர்களுக்குத் தைரியம் கிடையாது என்று வீம்பு பேசுகிறான். ஓர் எக்வுக்வு திரும்பி வந்து பிரம்பால் ஓர் அடி கொடுக்கிறது. அவன் பாய்ந்து அதன் முகமூடியைப் பிய்த்தெறிகிறான். மற்ற முகமூடிகள் ஓடிவந்து, பெண்கள் குழந்தைகள் கண்ணில் படாமல் அந்த உருவத்தைச் சூழ்ந்து மறைத்து அழைத்துப்போகின்றன. அன்றிரவு ஆவிகளின் தாய், கொலையுண்ட மகனுக்காக அழுதுகொண்டு ஊரைச் சுற்றிவருகிறாள்.

ஏனோக்கு கண்டுபிடித்தது என்ன? உள்ளே மனிதன் இருக்கிறான் என்பதை. அது ஒக்கோங்க்வோவின் மனைவிமாருக்கு முன்பே தெரிந்த சமாசாரம். அவர்கள் செய்யாததை இவன் செய்தான், அவ்வளவுதான். மறுநாள் எக்வுக்வு திரண்டு வந்து அவன் வீட்டையும் மாதாகோயிலையும் சாம்பலாக்குகின்றன. அதன் பின் கைது, அபராதம், கொலை, தற்கொலை என்று நாவல் கீழ்நோக்கி ஓடுகிறது.

அச்செபேயிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. எக்வுக்வுவின் வீட்டுச் சுவரில் சித்திரம் எழுதுகிறவர்கள் பெண்கள். ஆனால் உள்ளே எட்டிப்பார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லை என்று அவரே எழுதுகிறார். வழக்கில் அடிபட்டவள் ஒரு பெண். அவள் சார்பில் சகோதரன் பேசுகிறான். அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தீர்ப்பளிப்பவர்கள் முகமூடிக்குள் இருக்கும் ஆண்கள். அவர்களில் இரண்டாவதாக உட்கார்ந்திருப்பவன் தன் வீட்டில் மனைவியை அடிப்பதற்குப் பெயர்போனவன். எவ்வளவு கசப்பான வேடிக்கை! இதை ஆசிரியர் அறியாமல் எழுதியிருக்க முடியாது. என்றாலும் தெரிந்துகொண்டு மௌனமாயிருந்த அந்த மனைவிமாரின் மனத்துக்குள் அவர் நுழையவில்லை. மரியாதையால் வந்த மௌனம் எவ்வளவு, பயத்தால் வந்த மௌனம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லியிருக்க வேண்டியவர் அவர்தான். ஊரின் ஒற்றுமைக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்ற கேள்வி அந்த இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறது.

1964-ல் வந்த 'ஆரோ ஆஃப் காட்' நாவலில் அவர் முகமூடியைப் பின்பக்கத்திலிருந்து பார்க்கிறார். தலைமைப் பூசாரியின் மூத்த மகன் எடோகோ மரச்சிற்பி. ஒரு புது முகமூடியை அவன் மறைவிடத்தில் உட்கார்ந்து செதுக்குகிறான். உக்கிரமாக இருக்க வேண்டிய முகத்தில் கன்னி ஆவியின் நளினம் வந்துவிட்டதோ என்று அவனுக்குக் கவலை. ஆட்டத்தன்று கூட்டத்தில் கலந்து அங்குமிங்கும் நகர்ந்து பார்க்கிறான். யாராவது பழைய புகழ்பெற்ற முகமூடியோடு தன்னுடையதை ஒப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். அது மரம் என்று அவனைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆனாலும் அது துணியும் குரலும் மேளமுமாக எழுந்து ஆடுகிறபோதுதான், தான் செய்தது என்ன என்று அவனுக்கே தெரியும். எழுத்தாளனைப் பற்றி எழுத்தாளன் எழுதிய பக்கங்களில் இவற்றுக்கு உயர்ந்த இடம் கொடுக்கலாம்.

அச்செபே பிறந்தது 1930-ல். ஒகிடி என்ற ஊர். தகப்பனார் மிஷனில் உபதேசியாராக இருந்தவர். ஏனோக்குவின் கட்சியில் வளர்ந்த பிள்ளை என்றே சொல்லலாம். எழுதியதோ ஆங்கிலத்தில், அன்னியர்களும் படிக்கும்படியாக. முகமூடியைப் பிய்த்துக் காட்டிக் கைதட்டல் வாங்க எல்லா வசதியும் இருந்தது. முதல் நாவலின் கடைசியில் வருகிற வெள்ளைக்கார அதிகாரி, தான் எழுதப்போகிற புத்தகத்தில் ஒக்கோங்க்வோவுக்கு ஒரு பாராவை ஒதுக்கலாமா என்று யோசிக்கிறார். ஏனோக்கு கையால் செய்ததை அவர் பேனாவால் செய்கிறார். லண்டன் காட்சிசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் இக்போ முகங்களும் ஒருவிதத்தில் அப்படித்தான். ஆடையில்லை, குரலில்லை, சுற்றி நகர்ந்து பார்க்கும் கூட்டமில்லை.

2013-ல் காலமாகும்வரை அச்செபே பல துறைகளில் எழுதினார், சண்டைகளும் போட்டார். ஆனால் அந்த வழக்குக் காட்சியில் அடுத்தடுத்து வைத்த இரண்டு வாக்கியங்களே அவரைப் பெரிய நாவலாசிரியர் என்று சொல்ல எனக்குப் போதும். தெரிந்ததை எல்லாம் சொல்லிவிடுவது எழுத்தில் நேர்மை என்று நினைக்கிறவர்கள் அவற்றை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்கலாம்.