கதாநாயகன் கையில் என்ன துப்பாக்கி?

திருவண்ணாமலையிலிருந்து ஒரு வாசகர் தாம் எழுதிய புலிவேட்டைக் கதையை அபிப்பிராயத்துக்கு அனுப்பியிருக்கிறார். களம் ஜவ்வாது மலை. மூங்கில் புதரும் ஓடை மணலும் கண்முன் நிற்கின்றன. புலிதான் வரவில்லை. காரணம், கதாநாயகன் கையில் இருப்பது வெறும் 'துப்பாக்கி'. ஒற்றைக் குழலா, இரட்டைக் குழலா? எத்தனை தோட்டா? ஆசிரியருக்கே தெரியாது போலிருக்கிறது.

இது அற்ப விஷயமல்ல. 1907-இல் சம்பாவத் பெண்புலியைச் சுடப் போன ஜிம் கார்பெட்டிடம் கனமான 500 ரைபிளும் மூன்றே தோட்டாக்களும் இருந்தன. மூன்றும் தீர்ந்த பிறகும் அடிபட்ட புலி எதிரே நிற்கிறது. தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்க ஓடுகிறார். தோட்டா மூன்றுதான் என்று முன்கூட்டியே சொல்லியிராவிட்டால், அந்த ஓட்டத்தில் நமக்கு ஏன் மூச்சு வாங்க வேண்டும்? செத்த புலியின் வாயில் வலப்பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. என்றோ யாரோ சுட்டு விட்டுவிட்ட குண்டு. அது 436 பேரைக் கொல்ல நேர்ந்ததற்கு அதையே காரணமாகச் சொல்கிறார் கார்பெட். சரியான துப்பாக்கி, சரியான குறி என்பதெல்லாம் வேட்டைக்காரன் ஜம்பம் அல்ல. அரைகுறையாகச் சுட்டவன் வீடு போய்ச் சேர்ந்துவிடுவான், விலை கொடுப்பது புல்லறுக்கப் போகும் பெண்கள்.

கென்னத் ஆண்டர்சன் நமக்கு இன்னும் பக்கம். பெங்களூர்வாசி, சேலம் ஜில்லாக் காடுகளில் அலைந்தவர். முதல் புத்தகம் 1954-இல் வந்தது. (பேய்க்கதையில் அவருக்குள்ள சபலத்தை நான் மன்னிக்கத் தயாரில்லை.) அவர் நம்பியது 405 வின்செஸ்டர். ஏறக்குறைய 19 கிராம் குண்டு. 1909-இல் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்கச் சிங்கங்களுக்குக் கொண்டுபோன அதே ரகம். யானைக்கென்று ரூஸ்வெல்ட் கனத்த இரட்டைக் குழல் ஒன்றையும் தனியே வைத்திருந்தார். இரட்டைக் குழலில் இரண்டாவது வெடி சத்தமில்லாமல் தயாராக இருக்கும். ஆனால் பணக்காரர் சாமான். வின்செஸ்டரிலோ அடியிலுள்ள நெம்புகோலை இழுத்துத் தள்ள வேண்டும், 'கடக்' என்று கேட்கும். காட்டில் அந்தச் சத்தம் போதும், ஒரு அத்தியாயத்துக்கு.

நம்மவர்களுக்கு இது புதிதுமல்ல. செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம், பன்றிக்கு வைத்த கற்பொறியைக்கூட வழிப்போக்கனுக்குச் சொல்லி எச்சரிக்கிறது.

1972-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு புலிவேட்டை குற்றம். ஆகவே நண்பர் கதையை அதற்கு முந்தின காலத்தில் வைக்கட்டும். கதாநாயகனுக்கு விலையுயர்ந்த ரைபிள் வேண்டாம். மிராசுதாரிடம் இரவல் வாங்கிய இரட்டைக் குழலும், ஈரம்பட்டதோ என்று சந்தேகமுள்ள இரண்டு தோட்டாக்களும் கொடுத்து மறுபடி எழுதிப் பார்க்கட்டும்.