உடைத்த சிலம்பும் திருகிய கொங்கையும்

வழக்கு முடிந்துவிட்டது. தீர்ப்பும் கிடைத்துவிட்டது.

அரசியின் சிலம்பில் இருந்தது முத்து; கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். மன்னன் கண்ணெதிரே சிலம்பை உடைத்தாள்; மாணிக்கம் தெறித்தது. தானே கள்வன் என ஒப்பினான் பாண்டியன். அரியணையிலேயே உயிர் நீத்தான். கோப்பெருந்தேவியும் வீழ்ந்தாள். அயலூரிலிருந்து வந்தவள், துணை இழந்தவள், பெண். அப்படிப்பட்ட ஒருத்தி அரசவை ஏறிச் சான்று காட்டி, வாதாடி, கொற்றவனையே குற்றவாளியாக்கினாள்! அறிவு வென்ற காட்சி அது. வழக்குரை காதையைப் படித்து நெஞ்சு நிமிராத தமிழன் உண்டோ?

ஆனால் இளங்கோவடிகள் அங்கே எழுத்தாணியைக் கீழே வைக்கவில்லை. அடுத்து வருகிறது வஞ்சின மாலை. இடக் கொங்கையைக் கையால் திருகி எடுக்கிறாள் கண்ணகி. அதனுடன் மதுரையை மும்முறை வலம் வருகிறாள். தெருவிலே வீசி எறிகிறாள். உடனே தோன்றுகிறான் தீக்கடவுள். எந்தக் கோலத்தில்? பார்ப்பனக் கோலத்தில்! எவரை எரிக்கலாகாது என்று அவனுக்கு ஆணை பிறக்கிறது. அந்தப் பட்டியலில் பார்ப்பாரே முதலில் நிற்கின்றனர். அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழவிகள் எல்லாரும் பின்னரே வருகின்றனர்.

புலவர் பெருமக்கள் இந்த இடத்துக்கு வந்ததும் கைகூப்புகின்றனர். தோழர்களே, நாம் கைகூப்புமுன் கண் திறந்து பார்ப்போம்.

உடலினின்று தசையும் தோலும் பிய்ந்து வருவதை மருத்துவர் ‘அவல்ஷன்’ என்பர். நாம் பிய்வுக் காயம் எனலாம். கத்தி வெட்டும்போது விளிம்பு நேராக இருக்கும். பிய்யும்போதோ தோல் கிழியும், நரம்பு நீளும், இரத்தக் குழாய் இழுபட்டு, உள்ளே நைந்து, பிறகே அறும். ஆதலால்தான் வெட்டுண்ட உறுப்பைப் பொருத்துவதினும் பிய்ந்த உறுப்பைப் பொருத்துவது கடினம். கொங்கையோ தோலால் போர்த்தப்பட்டது. வலிய நார்களால் மார்புத் தசையின் உறையோடு பிணைக்கப்பட்டது. நெஞ்சுக்கூட்டின் உட்புறமிருந்தும் அக்குளிலிருந்தும் குருதி பெறுவது. பூவைக் கிள்ளுவதுபோல் விரல்களால் திருகி எடுக்கக்கூடியது அன்று. எடுத்ததாகவே கொண்டாலும், அந்தப் புண்ணோடு மாநகரை மும்முறை சுற்றி, பின் மேற்கே நடந்து மலையேறி, வேங்கை நிழலில் பதினான்கு நாள் வரை நிற்பது எப்படி? காப்பியத்தில் வலி இல்லை, புண் இல்லை, சீழ் இல்லை. கற்பு மட்டும் இருக்கிறது.

இன்னொன்றும் காண்க. நற்றிணையின் 216ஆம் பாட்டில் மதுரை மருதன் இளநாகனார் திருமாவுண்ணி என்றொருத்தியைக் குறிப்பிடுகிறார். அங்கும் வேங்கை மரம் உண்டு. அவளும் ஒரு முலை இழந்தவளே. கண்ணகி கதையின் பழைய வடிவம் அது என்பார் உளர். வேறொருத்தி என்பாரும் உளர். ஆனால் அந்தப் பாட்டு ‘அறுத்த’ என்கிறது. காப்பியம் ‘திருகி’ என்கிறது. அறுத்தல் மனிதரால் ஆவது; துயர் தாங்காத ஒருத்தி கருவி கொண்டு செய்யக்கூடியது. திருகி எடுத்தல் தெய்வத்துக்கே ஆவது. இரண்டும் ஒரே கதையாயின், மனிதப் பெண் தெய்வப் பத்தினியாக மாற்றப்பட்ட தடம் இந்த ஒரு சொல்லிலேயே தெரிகிறதன்றோ!

“கவிஞனின் கற்பனைக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்பதா?” என்று சினப்பர் சிலர். கேட்கவில்லை, ஐயா! சொல்லுக்கு அடங்காத துயரம் தன் உடல்மீதே பாயும் என்பதை நாம் அறிவோம். அதைக் காட்ட வந்த கற்பனையாயின் தலைவணங்குவோம். நாம் கேட்பது வேறு. பொருளைத் தொலைத்தவன் கோவலன். பொய் சொன்னவன் பொற்கொல்லன். ஆராயாது ஆணையிட்டவன் அரசன். பிய்க்கப்பட்டது மட்டும் கண்ணகியின் உடலா? வாதத்தால் வென்றவளுக்கு அந்த வெற்றி போதாதா? பெண்ணின் ஆற்றல் அவள் அறிவில் இல்லை, கற்பில்தான் உண்டு, அதுவும் தன் உடலைச் சிதைத்தால்தான் வெளிப்படும் என்று கற்பிப்பதுதானே இந்தத் தீ? மாற்றான் வீட்டுக்கு இட்ட தீயன்று இது. வழக்குரை காதைக்கே இட்ட தீ!

ஏட்டிலே ஒரு பெண் தன் உடலைப் பிய்த்ததை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பாடுகிறோம். நாட்டிலே பெண்ணுடல் உண்மையாகவே பிய்க்கப்படும் இடம் ஒன்றையும் பார்ப்போம். தென் அமெரிக்காவின் பிரேசில் நாட்டில், அமேசான் ஆற்றங்கரை ஊர்களுக்கு ஆறே சாலை, சிறு மரப்படகே வண்டி. படகில் பொறியிலிருந்து செல்லும் இரும்புத் தண்டு மூடியின்றிச் சுழலும். அருகே அமர்ந்த பெண்ணின், சிறுமியின் நீண்ட கூந்தல் அதில் சிக்கும். கண்ணிமைக்கும் நேரம்! தலைத்தோல் ஐந்து அடுக்குடையது. அதன் நான்காம் அடுக்கு தளர்ந்த மென்திசு. அந்த அடுக்கிலே தோல் கழன்று, மண்டையோடு வெளித்தெரிய, சிலபோது காதும் புருவமும் சேர்ந்தே பிய்ந்துபோகும்.

இங்கே தீக்கடவுள் எவரும் தோன்றவில்லை. எந்த ஊரும் எரியவில்லை. பாதிக்கப்பட்ட பெண்கள் வாய் திறந்தனர். 2009இல் சட்டம் பிறந்தது: படகுப் பொறியின் சுழலும் பகுதிகளுக்கு மூடி கட்டாயம்! 2010இல் ஆகஸ்ட் 28 இந்தக் கொடுமையைத் தடுக்கும் நாளாக அறிவிக்கப்பட்டது. மருத்துவமும் வாளாவிருக்கவில்லை. பிய்ந்த தலைத்தோலின் நுண்குழாய்களை உருப்பெருக்கியின் துணையால் தைத்து மீண்டும் உயிர்ப்பித்த வெற்றியை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 1976இல் வெளியிட்டனர். இருப்பினும் அறுவைக் கூடம் தொலைவில், ஏழ்மை அருகில் என்றிருப்போருக்குத் தண்டின்மீது கவிழ்க்கும் ஒரு மூடியே முதல் மருந்து. பத்தினியின் சாபம் செய்யாததை ஒரு மரப்பலகை செய்யும்!

1968இல் சென்னைக் கடற்கரையில் கண்ணகிக்குச் சிலை எழுந்தபோது சிற்பி அவள் கையில் எதைக் கொடுத்தார்? சிலம்பை! திருகிய கொங்கையை அல்ல. காப்பியத்தை விடச் சிலை தெளிவாகச் சிந்தித்திருக்கிறது.

நாமும் அந்தத் தெளிவோடு படிப்போம். சிலப்பதிகாரத்தை எறிய வேண்டியதில்லை. வழக்குரை காதையை நெஞ்சில் ஏற்றுவோம், வஞ்சின மாலையை வினாவுக்கு உட்படுத்துவோம். “உன் உடலைச் சிதைத்துக்கொள், உலகம் உன்னை வணங்கும்” என்று எந்த ஏடு பெண்ணிடம் சொன்னாலும், அது எத்துணைத் தீந்தமிழில் சொன்னாலும், ஏற்கோம் என்போம். கண்ணகிக்குத் தேவைப்பட்டது தீயன்று, நீதி. அதை அவள் தன் நாவாலேயே பெற்றுவிட்டாள்.